வாடகை முகவரியில் வாழும் இணையம்

வன்முறை நிறைந்த வீடியோ கேம்களைச் சிறுவர்களுக்கு விற்கத் தடை விதிக்கலாமா என்ற வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது. நீதிபதி சாமுவேல் அலிட்டோ தமது தனிக் கருத்தில், ஓர் அடிக்குறிப்பில், இணையப் பக்கம் ஒன்றைச் சான்றாகக் காட்டியிருந்தார். பின்னர் அந்த முகவரியின் பதிவு காலாவதியானது. முன்பின் தெரியாத ஒருவர் அதை வாங்கினார். தீர்ப்பின் இணைப்பைத் தொடர்ந்து போனவர்களுக்கு ஒரு நையாண்டி அறிவிப்புதான் காணக் கிடைத்தது. 'நல்லவேளை, இந்தப் பக்கத்தை நீங்கள் மேற்கோள் காட்டவில்லை. நீதிபதி அலிட்டோ காட்டிவிட்டார்' என்பது அதன் சாரம்.

கிண்டலுக்குப் பின்னால் இருந்த நிலைமை சிரிக்கும்படி இல்லை. ஹார்வர்டு சட்டக் கல்லூரியைச் சேர்ந்த ஜொனாதன் ஸிட்ரைன், கெண்ட்ரா ஆல்பர்ட், லாரன்ஸ் லெசிக் ஆகியோர் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் இருந்த இணைய இணைப்புகளைச் சோதித்து 2013இல் முடிவை வெளியிட்டனர். அவற்றில் பாதி, நீதிபதிகள் சுட்டிய தகவலுக்கு அப்போதே இட்டுச் செல்லவில்லை. ஹார்வர்டு லா ரிவ்யூ உள்ளிட்ட சட்ட இதழ்களில் அந்த அளவு 70 சதவீதத்தையும் தாண்டியது. முன்தீர்ப்பை நம்பி நடக்கும் ஒரு துறையில், அந்தத் தீர்ப்புக்கான ஆதாரமே காணாமல் போயிருந்தது.

இணையத்தில் ஏறிய எதுவும் அழியாது என்று பிள்ளைகளை எச்சரிக்கிறோம். கசிந்த கடவுச்சொல், பிரபலத்தின் உளறல், ஒருவரை அவமானப்படுத்தும் படம் ஆகியவற்றில் அது உண்மைதான். அவற்றை ஆயிரம் பேர் பிரதி எடுத்து வைக்கிறார்கள். யாரும் பிரதி எடுக்காத பக்கங்களின் கதி வேறு. அரசுத் துறையின் சுற்றறிக்கை, சிறு நகரத்துச் செய்தித்தளத்தின் பழைய செய்தி, ஓய்வுபெற்ற பேராசிரியர் தாமே தட்டெழுதிப் போட்ட கட்டுரைகள், ஒரு நிரலாளர் எழுதிய செயல்விளக்கம் போன்றவை சத்தமில்லாமல் மறைந்துகொண்டிருக்கின்றன.

எத்தனை மறைந்தன?

பியூ ஆய்வு மையம் 2024 மே மாதம் வெளியிட்ட கணக்கெடுப்பை இந்தத் துறையில் இப்போது பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். 2013 முதல் 2023 வரையிலான காலத்துப் பக்கங்களில் மாதிரி எடுத்து, அவை 2023 அக்டோபரில் திறக்கின்றனவா என்று பார்த்தார்கள். மொத்தத்தில் நான்கில் ஒரு பங்கு இல்லை. 2013ஆம் ஆண்டுப் பக்கங்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 38 சதவீதம் மறைந்துவிட்டது. அதே 2023இல் வெளியான பக்கங்களிலேயே 8 சதவீதம் அந்த ஆண்டு முடியும் முன்பே காணோம்.

அதே கணக்கெடுப்பின்படி, செய்திப் பக்கங்களில் 23 சதவீதமும் அரசுத் தளங்களின் பக்கங்களில் 21 சதவீதமும் குறைந்தது ஓர் உடைந்த இணைப்பையாவது சுமக்கின்றன. ஆங்கில விக்கிப்பீடியாவில் நிலைமை இன்னும் மோசம். அங்கே 54 சதவீதக் கட்டுரைகளின் மேற்கோள் பட்டியலில் செத்துப்போன இணைப்பு ஒன்றாவது உண்டு.

நியூயார்க் டைம்ஸ் தன் கட்டுரைகளில் கொடுத்த 22 லட்சத்துக்கும் மேற்பட்ட வெளி இணைப்புகளை ஹார்வர்டு குழுவொன்று 2021இல் ஆராய்ந்தது. தளத்தின் முகப்பை அல்லாமல் குறிப்பிட்ட பக்கத்தைச் சுட்டியவற்றில் கால் பங்கு உடைந்திருந்தது. 2018இல் கொடுத்தவற்றில் 6 சதவீதம் செத்திருக்க, 1998இல் கொடுத்தவற்றில் 72 சதவீதம் செத்திருந்தது. தனி ஆசிரியர் குழுவும் தொழில்நுட்பப் பிரிவும் வைத்திருக்கும் உலகின் பெரிய நாளிதழ் ஒன்றிலேயே இருபது ஆண்டுக்கு முந்தைய இணைப்புகளில் ஏறத்தாழ நாலில் மூன்று வேலை செய்யவில்லை.

அறிவியல் உலகமும் தப்பவில்லை. 2014இல் பிளாஸ் ஒன் இதழில் வந்த ஆய்வு, அறிவியல், தொழில்நுட்ப, மருத்துவக் கட்டுரைகளில் ஐந்தில் ஒன்று இந்த நோய்க்கு ஆளாகியிருப்பதைக் காட்டியது. ஆய்வுக் கட்டுரைகளுக்கு முகவரி மாறினாலும் தொலையாத நிரந்தர எண் கொடுக்கும் டிஓஐ முறை இதற்கு மருந்தாக வந்ததுதான். ஆனால் எண் நிரந்தரம் என்பதால் கட்டுரையும் நிரந்தரமாகிவிடாது. ஆய்வாளர் மார்ட்டின் ஈவ் 2024இல் அந்த எண் பெற்ற எழுபது லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளைச் சோதித்தார். அவற்றில் 28 சதவீதத்துக்குப் பெரிய ஆவணக் காப்பகம் எதிலும் பிரதி இருப்பதாகத் தெரியவில்லை. பதிப்பகம் மூடினால் எண் இருக்கும்; அது சுட்டும் கட்டுரை இருக்காது.

இந்தக் கணக்குகளை ஒன்றோடொன்று நேராக ஒப்பிடக் கூடாது. ஒரு பக்கம் வேறு முகவரிக்கு இடம்பெயர்ந்திருக்கலாம். ஆய்வாளரின் நிரல் அதைச் செத்ததாகவே எண்ணும். மறுபுறம், 'இந்தப் பக்கம் இல்லை' என்று திரையில் எழுதிவிட்டு, கணினிக்கு மட்டும் 'எல்லாம் சரி' என்ற குறியீட்டை அனுப்பும் தளங்கள் ஏராளம். அவை உயிருள்ளவையாகக் கணக்கில் ஏறிவிடும். அளவுகோல்கள் வேறுபட்டாலும் எல்லா ஆய்வுகளும் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன.

உடைவதற்கு அனுமதி கொடுத்த வடிவமைப்பு

இந்த அழிவு விபத்து அல்ல. வலையின் வடிவமைப்பிலேயே அதற்கு இடம் விடப்பட்டிருக்கிறது.

மீயுரை என்று நாம் இன்று சொல்வதற்கு 1960களில் பெயர் சூட்டியவர் டெட் நெல்சன். அவர் கனவு கண்ட ஸானடு அமைப்பில் இணைப்புகள் இருவழி. நீங்கள் ஒரு பக்கத்தைச் சுட்டினால் அந்தப் பக்கத்துக்கும் அது தெரியும். பழைய வடிவங்கள் அழியா, இணைப்பு உடையாது. அழகான திட்டம், ஆனால் பத்தாண்டுகள் பல கடந்தும் பரவலான புழக்கத்துக்கு வரவில்லை.

ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1989இல் முன்மொழிந்த வலை எதிர்த்திசையில் போனது. இணைப்பு ஒருவழி. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், எந்த மையப் பதிவேட்டிலும் எழுத வேண்டாம். சுட்டப்பட்ட பக்கம் இருந்தால் வரும். இல்லையென்றால் வழங்கி 404 என்ற எண்ணை அனுப்பும். வலை சில ஆண்டுகளில் உலகெங்கும் பரவியதற்கு இந்தத் தளர்வு ஒரு முக்கியக் காரணம். அதற்கான விலையைத்தான் இன்று கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

அந்த எண்களின் குடும்பத்தில் சுவாரசியமான உறவினர்கள் உண்டு. 404 என்றால் 'கிடைக்கவில்லை'. ஏன் என்று சொல்லாது. 410 என்றால் 'போய்விட்டது, திரும்ப வராது'. பக்கத்தை வேண்டுமென்றே நீக்கியவர் இதைத்தான் அனுப்ப வேண்டும்; அனுப்புவோர் அரிது. அரசோ நீதிமன்றமோ தடுத்த பக்கத்துக்கு 451 என்ற எண் 2016இல் அதிகாரபூர்வமாக வந்தது. புத்தகங்களை எரிக்கும் சமூகத்தைப் பற்றிய ரே பிராட்பரியின் நாவலின் தலைப்பில் உள்ள எண் அது.

உலகின் முதல் இணையதளமே இந்தக் குறைக்குச் சாட்சி. 1991இல் பொதுவெளிக்கு வந்த அந்தப் பக்கங்களை எழுதியவர்களே மேலும் மேலும் திருத்தி எழுதிக்கொண்டிருந்தார்கள். பழைய வடிவத்தை எடுத்துவைக்க வேண்டும் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. செர்ன் 2013இல் பழைய முகவரியிலேயே அந்தத் தளத்தை மீண்டும் ஏற்றியபோது அதன் கையில் இருந்தது 1992ஆம் ஆண்டுப் பிரதி. பெர்னர்ஸ்-லீ 1998இல், நல்ல முகவரிகள் மாறுவதில்லை என்ற கருத்தில் ஒரு சிறு கட்டுரை எழுதினார். முகவரி தானாக மாறுவதில்லை, மனிதர்கள்தான் மாற்றுகிறார்கள் என்பது அவர் வாதம். அந்தக் கட்டுரை இன்றும் அதே முகவரியில் இருக்கிறது. அவருடைய அறிவுரையைக் கேட்டவர்கள் குறைவு.

வாடகை நின்றால் வாசல் மூடும்

இணைய முகவரியை யாரும் விலைக்கு வாங்குவதில்லை. பேச்சு வழக்கில் 'டொமைன் வாங்கினேன்' என்போம். உண்மையில் அது வாடகை. டாட் காம் போன்ற முகவரிகளை அதிகபட்சம் பத்து ஆண்டுகளுக்குத்தான் ஒரே நேரத்தில் பதிய முடியும். பக்கங்கள் குடியிருக்கும் வழங்கிக்குத் தனி வாடகை. தளம் நடத்தியவர் இறந்தால், ஆர்வம் போனால், கடன் அட்டை காலாவதியானால், புதுப்பித்தல் கடிதம் பழைய மின்னஞ்சலுக்குப் போனால் கதை முடிந்தது. அச்சிட்ட புத்தகத்தின் ஆசிரியர் இறந்தால் புத்தகம் நூலகத்தில் இருக்கும். இணையதளத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

ஒரு நாடே மறைந்தால் என்ன ஆகும்? யூகோஸ்லாவியாவுக்கு ஒதுக்கியிருந்த 'ஒய்யூ' என்ற முகவரிப் பின்னொட்டு 2010 மார்ச் 30 அன்று இணையத்தின் பெயர்ப் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. புதிய முகவரிக்கு மாறாத தளங்கள் எல்லாம் அன்றோடு திறக்காமல் போயின. போர்க்காலத்தில் அந்நாட்டவர் எழுதியவற்றில் ஒரு பகுதி அந்த முகவரிகளில்தான் இருந்தது.

தனி முகவரிக்குச் செலவு செய்ய முடியாதவர்கள் பெரிய நிறுவனங்களின் இலவச மனைகளில் குடியேறினார்கள். அந்த வரலாறு வரிசையான வெளியேற்றங்களின் வரலாறு. 1994இல் தொடங்கிய ஜியோசிட்டீஸ், சாதாரண மனிதர்கள் தங்கள் முதல் இணையப் பக்கத்தைக் கட்டிய இடம். யாஹூ 1999இல் அதை முந்நூற்று ஐம்பது கோடி டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கியது. பத்தே ஆண்டில், 2009 அக்டோபரில், மூடியது. கூகுளின் ஆர்குட் 2014 செப்டம்பர் 30இலும் கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலிலும் போயின. மைஸ்பேஸ் மூடவே இல்லை. வழங்கி மாற்றும்போது 2016க்கு முன் பயனர்கள் ஏற்றிய இசை முழுவதையும் தொலைத்துவிட்டதாக 2019இல் ஒப்புக்கொண்டது. சுமார் 5 கோடிப் பாடல்கள் போனதாகச் செய்திகள் வந்தன.

நீண்ட முகவரியைச் சுருக்கித் தரும் சேவைகள் இன்னொரு கண்ணி. அவற்றில் அசல் பக்கம் உயிரோடு இருந்தாலும் இடைத்தரகர் போய்விட்டால் வழி அடைபடும். கூகுள் 2009இல் தொடங்கிய சுருக்கு முகவரிச் சேவையில் புதிய முகவரி உருவாக்குவதை 2019இல் நிறுத்தியது. ஏற்கெனவே இருப்பவற்றையும் 2025 ஆகஸ்டில் நிறுத்தப்போவதாக அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும், பயன்பாட்டில் உள்ளவற்றை மட்டும் விட்டுவைப்பதாக இறங்கிவந்தது. ஆய்வு நூல்களிலும் பாடப் புத்தகங்களிலும் அச்சேறிவிட்ட சுருக்கு முகவரிகளை அதற்குள் யார் திருத்த முடியும்?

பக்கம் இருக்கிறது, உள்ளடக்கம் இல்லை

செத்த இணைப்பாவது தன் சாவை அறிவிக்கிறது. முகவரி திறந்து, உள்ளே வேறு பொருள் இருப்பது அதைவிட ஆபத்து. நியூயார்க் டைம்ஸ் ஆய்வில், வேலை செய்யும் இணைப்புகளிலிருந்து எடுத்த மாதிரியில் 13 சதவீதம் கட்டுரையாளர் பார்த்த உள்ளடக்கத்திலிருந்து பெரிதும் விலகியிருந்தது. காலாவதியான முகவரிகளைத் தேடிப் பிடித்து, அவற்றின் பழைய நற்பெயரில் சூதாட்ட விளம்பரம் ஏற்றுவது இன்று ஒரு தொழில்.

நிரல் உலகில் இதன் விளைவு 2024இல் தெரிந்தது. பழைய உலாவிகளில் புதிய வசதிகள் வேலை செய்ய உதவும் பாலிஃபில் என்ற சிறு நிரலை லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் ஒரே முகவரியிலிருந்து நேரடியாக இழுத்துக்கொண்டிருந்தன. அந்த முகவரி 2024 தொடக்கத்தில் ஃபன்னல் என்ற நிறுவனத்தின் கைக்கு மாறியது. ஜூன் மாதத்துக்குள் அது தீங்குநிரலை அனுப்பத் தொடங்கிவிட்டது. கைபேசியில் அந்தத் தளங்களுக்குப் போனவர்களில் சிலர் சூதாட்டத் தளங்களில் போய் விழுந்தார்கள். தளம் நடத்தியவர்கள் ஒரு வரிகூட மாற்றவில்லை. அவர்கள் நம்பிய முகவரியின் உரிமையாளர்தான் மாறியிருந்தார்.

இதற்கு எட்டாண்டு முன்பு நடந்த இன்னொரு சம்பவம் நிரலாளர்களிடையே இன்றும் பேச்சு. 2016 மார்ச் 22 அன்று அஸெர் கோச்சுலு என்பவர், பெயர் உரிமை தொடர்பான தகராறில் மனம் கசந்து, நிரலாளர்கள் நிரல்களைப் பகிர்ந்துகொள்ளும் என்பிஎம் தொகுப்பகத்திலிருந்து தம் நிரல்கள் அனைத்தையும் விலக்கிக்கொண்டார். அவற்றில் ஒன்று லெஃப்ட்-பேட். ஒரு சொல்லின் இடப்பக்கம் தேவையான வெற்றிடத்தைச் சேர்க்கும் 11 வரி நிரல், அவ்வளவுதான். அதைச் சார்ந்த நிரலைச் சார்ந்த நிரல்கள் என்று சங்கிலி நீண்டு, உலகின் புகழ்பெற்ற மென்பொருள் திட்டங்கள் பல அன்று கட்டமைக்கவே முடியாமல் நின்றன. சில மணி நேரத்தில் தொகுப்பகமே அந்த 11 வரிகளை மீட்டு வைத்தது. அதோடு நிற்காமல் விதியையும் மாற்றியது. பிறர் சார்ந்திருக்கும் நிரலை எழுதியவரே நினைத்தாலும் இனி அவ்வளவு எளிதில் விலக்கிக்கொள்ள முடியாது.

இந்த இரண்டு நிகழ்வுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். தொகுப்பகத்தில் பொறுப்பேற்க ஓர் அமைப்பு இருந்தது. அது ஒரே நாளில் மீட்டது, விதி செய்தது. திறந்த வலையில் அப்படிப் பொறுப்பேற்க யாரும் இல்லை. அழிவைத் தடுக்கும் தொழில்நுட்பம் ஏற்கெனவே கையில் இருக்கிறது. பிரதியைக் காக்கும் கடமை யாருடையது என்பதற்குத்தான் பதில் இல்லை.

இயங்கும் சூழலோடு சேர்ந்து பக்கங்கள் சாவதும் உண்டு. அடோபி 2020 டிசம்பர் 31உடன் ஃபிளாஷை நிறுத்தியபோது, இருபது ஆண்டுகளின் அசைபடங்களும் சிறு விளையாட்டுகளும் ஒரே நேரத்தில் ஊமையாகின. ரஃபிள் என்ற திறமூல நிரல் ஃபிளாஷைப் போல நடித்து, அவற்றில் கணிசமானவற்றை மறுபடி இயங்க வைத்திருக்கிறது.

எழுத்துருவோடு செத்த தமிழ்ப் பக்கங்கள்

தமிழுக்கு இந்தச் சிக்கல் இரட்டிப்பாக வந்தது. பக்கம் அழியாமல் இருந்தும் படிக்க முடியாமல் போன கொடுமை நமக்கு உண்டு.

தமிழ் இணையத்துக்கு மிக முன்பே வந்த மொழி. சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி 1995இலேயே தமிழ்ப் பக்கத்தை வலையேற்றினார். ஆனால் அன்றைய கணினிகளுக்குத் தமிழ் தெரியாது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்த எழுத்துருக்களைக் கொண்டு கணினியை ஏமாற்றினார்கள். பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று எழுதினால் கோப்பில் பதிவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் கடைசியில் ஓர் அரைப்புள்ளியும்தான். மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளி. எழுத்துரு இருக்கும்வரை தமிழ். அது இல்லாத கணினியில் வெறும் குப்பை.

ஒவ்வொரு நாளிதழும் வார இதழும் மென்பொருள் நிறுவனமும் தனித்தனி எழுத்துரு வைத்திருந்தன. ஒன்றின் வரிசை இன்னொன்றுக்குப் பொருந்தாது. உலகத் தமிழர் கூடிப் பேசித் திஸ்கி என்ற பொதுக் குறியீட்டை உருவாக்கினார்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டிலிருந்து டாம், டாப் என்ற வேறு இரண்டு தரங்கள் வந்தன. வாசகர் எழுத்துருவை இறக்கிக்கொள்ளும் சிரமத்தைத் தவிர்க்க, பக்கத்தோடு தானே வந்து ஒட்டிக்கொள்ளும் இயங்கு எழுத்துருக்களைச் சில தளங்கள் பயன்படுத்தின. நெட்ஸ்கேப்புக்கு ஒரு வகை, இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு வேறு வகை. இன்றைய உலாவிகள் இரண்டையும் ஏற்பதில்லை.

ஆகவே 1990களின் இறுதியிலும் 2000களின் தொடக்கத்திலும் வந்த தமிழ் இதழ்த் தளங்களை, பழைய பக்கங்களைச் சேமித்துவைக்கும் இணையக் காப்பகத்தில் இன்று திறந்தால், பல பக்கங்களில் புரியாத குறிகளின் வரிசைதான் தெரிகிறது. பக்கத்தைக் காப்பாற்றிவிட்டார்கள், எழுத்தைக் காப்பாற்ற முடியவில்லை. தேடுபொறியும் அவற்றைத் தமிழாக அறியாது. கார்கில் போர் நாட்களில் ஒரு தமிழ்த் தளம் என்ன எழுதியது என்று தேடும் ஆய்வாளர் தமிழில் எத்தனை முறை தட்டினாலும் அந்தப் பக்கம் வரப்போவதில்லை.

யூனிகோடு 1991லேயே தமிழுக்கு இடம் கொடுத்துவிட்டது. ஆனால் சாதாரண வாசகரின் கணினிக்கு அது வந்து சேர விண்டோஸ் 2000, எக்ஸ்பி காலம்வரை ஆனது. இந்த இடைவெளியைத் தாண்டி உயிர்பிழைத்தவை, யாரோ ஒருவர் உட்கார்ந்து மாற்றிக்கொடுத்தவை மட்டுமே. சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் இதற்கு நல்ல உதாரணம். உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள் தட்டெழுதிய பழந்தமிழ் நூல்கள் முதலில் திஸ்கி உள்ளிட்ட பழைய குறியீடுகளில் வந்தன. பிறகு அவற்றையெல்லாம் யூனிகோடுக்கு மாற்றி மறுபடி வெளியிட்டார்கள். சுரதாவின் பொங்குதமிழ் மாற்றி, நியூ ஹொரைசன் மீடியாவின் என்ஹெச்எம் கன்வெர்ட்டர் போன்ற கருவிகள் இல்லாவிட்டால் இழப்பு பல மடங்கு பெருகியிருக்கும்.

மடற்குழுக்களுக்கு அந்த வாய்ப்பு வாய்க்கவில்லை. மரத்தடி, ராயர் காபி கிளப், அகத்தியர் என்று யாஹூ குழுமங்களில் இயங்கிய தமிழ் மடற்குழுக்களில் பின்னாளில் பெயர்பெற்ற எழுத்தாளர்கள் பலர் தினமும் எழுதினார்கள், சண்டையிட்டார்கள், ஒருவர் கதையை மற்றவர் திருத்தினார்கள். யாஹூ 2019 டிசம்பரில் குழுமங்களின் பழைய மடல்களை நீக்கத் தொடங்கி, 2020 டிசம்பர் 15இல் சேவையையே மூடியது. பெரும்பாலும் உறுப்பினர்கள் தனியாக எடுத்துவைத்த அளவில்தான் அந்த மடல்கள் மிஞ்சியுள்ளன. வலைப்பதிவுகளின் பொற்காலத்தில் நாள்தோறும் புதிய இடுகைகளைத் திரட்டித் தந்த தமிழ்மணமும் நின்றுவிட்டது. யார் யாருக்குப் பதில் எழுதினார்கள், எந்த விவாதம் எங்கே தொடங்கியது என்ற வரைபடம் அதோடு போயிற்று.

பிரதி எடுப்பவர்கள்

சான்பிரான்சிஸ்கோவில் முன்பு தேவாலயமாக இருந்த ஒரு கட்டடத்தில் இயங்குகிறது இணையக் காப்பகம். ப்ரூஸ்டர் கேல் 1996இல் தொடங்கினார். 2001இல் வேபேக் மெஷின் என்ற பெயரில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். 2025 அக்டோபரில் அது சேமித்த பக்கங்களின் எண்ணிக்கை ஒரு லட்சம் கோடியைத் தொட்டது. விக்கிப்பீடியாவின் உடைந்த மேற்கோள்களைக் கண்டுபிடித்து, காப்பகப் பிரதியின் இணைப்பைச் சேர்க்கும் தானியங்கி நிரல் 2018க்குள்ளேயே 90 லட்சம் இணைப்புகளை மீட்டிருந்தது. பியூவின் 54 சதவீதக் கணக்கு இத்தனை பழுதுபார்த்தலுக்கும் பிறகு வந்த கணக்கு.

மற்றவர்களும் உண்டு. ஜேசன் ஸ்காட் 2009இல் திரட்டிய ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர் படை, ஜியோசிட்டீஸ் மூடும் முன் உள்ளே புகுந்து ஏறத்தாழ ஒரு டெராபைட் அளவுக்கு அள்ளிக்கொண்டு வந்தது. ஹார்வர்டு சட்ட நூலகம் 2013இல் தொடங்கிய பெர்மா, நீதிபதிகளும் சட்ட ஆய்வாளர்களும் சுட்டும் பக்கத்தின் பிரதியை அப்போதே எடுத்து வைக்கிறது. பிரான்சில் 2016இல் தொடங்கிய சாஃப்ட்வேர் ஹெரிடேஜ் மென்பொருள் மூல நிரல்களுக்கான காப்பகம். நிரல்களைச் சேமித்துப் பகிர உதவும் பிட்பக்கெட் தளம் 2020இல் மெர்க்குரியல் வகைக் களஞ்சியங்களைக் கைவிட்டபோது, இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட களஞ்சியங்களை அது காப்பாற்றியது. இலங்கைத் தமிழ் ஆவணங்களுக்கு 2005 முதல் நூலகம் திட்டம் இருக்கிறது.

ஆனால் உலகின் இணைய நினைவில் பெரும்பங்கை ஒரே ஒரு தொண்டு நிறுவனம் சுமப்பது நல்லதல்ல. 2024 அக்டோபரில் இணையக் காப்பகத்தின் மீது நடந்த தாக்குதலில் 3 கோடியே 10 லட்சம் பயனர் கணக்குகளின் விவரம் கசிந்தது; தளம் பல நாட்கள் முடங்கியது. அதற்கு ஒரு மாதம் முன்பு, மின்னூல்களைக் கடனளித்த வழக்கில் அது பதிப்பகங்களிடம் மேல்முறையீட்டிலும் தோற்றிருந்தது. அரசு நூலகமும் பத்திரம் என்று சொல்ல முடியாது. 2023 அக்டோபரில் பிணைத்தொகை கேட்டு நடந்த தாக்குதலில் பிரிட்டிஷ் நூலகத்தின் இணையச் சேகரிப்பும் அணுக முடியாமல் போனது.

நம் ஊர் நீதிமன்றமும் இந்தக் கதையில் வருகிறது. 2017 ஆகஸ்டில் இந்தியாவில் இணையக் காப்பகம் திடீரென்று திறக்கவில்லை. இந்திப் படங்களின் திருட்டுப் பிரதிகளைத் தடுக்கக் கோரிய மனுவில் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த ஆணைப்படி 2,650 தளங்கள் முடக்கப்பட்டன. அந்தப் பட்டியலில் காப்பகத்தின் பெயரும் இருந்தது. பிறகு தடை நீங்கியது.

புதிய தடைகளும் எழுகின்றன. முகநூல், இன்ஸ்டகிராம், வாட்ஸாப் சேனல், டிஸ்கார்டு என்று எழுத்து இப்போது பூட்டிய அறைகளுக்குள் போய்விட்டது. அங்கே காப்பக நிரல்களால் நுழைய முடிவதில்லை. செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் காப்பகத்தின் வழியே தன் உள்ளடக்கத்தை எடுக்கின்றன என்று சொல்லி, ரெடிட் 2025இல் காப்பகத்துக்குக் கதவைச் சாத்தியது. முகநூலில் பத்தாண்டாக எழுதும் தமிழ் எழுத்தாளரின் பதிவுகள், பழைய வலைப்பதிவை விடவும் ஆபத்தான இடத்தில் இருக்கின்றன.

எல்லாவற்றையும் காக்கத்தான் வேண்டுமா என்ற கேள்வியும் நியாயமானதே. ஐரோப்பிய நீதிமன்றம் 2014இல், காலம் கடந்த தனிப்பட்ட தகவலைத் தேடல் முடிவிலிருந்து நீக்கக் கோரும் உரிமையை ஏற்றது. பதினெட்டு வயதில் ஆர்குட்டில் எழுதியது நாற்பது வயதில் வேலைக்கு உலை வைக்கக் கூடாதுதான். ஆனால் தனிமனிதர் தம் தகவலை நீக்கக் கேட்பதும், நிறுவனம் செலவை மிச்சப்படுத்த லட்சக்கணக்கானோரின் எழுத்தை அழிப்பதும் ஒன்றல்ல. முதலாவது உரிமை. இரண்டாவதற்கு எந்த நியாயமும் இல்லை.

சட்டமும் நாமும்

பல நாடுகள் இதைச் சட்டத்தால் அணுகியுள்ளன. சுவீடனும் ஆஸ்திரேலியாவும் 1996லேயே தேசிய நூலகம் மூலம் தம் நாட்டு இணையத்தைச் சேகரிக்கத் தொடங்கின. டென்மார்க் 2005இலும் பிரான்ஸ் 2006இலும் பிரிட்டன் 2013இலும், அச்சு நூல்களுக்கு இருந்த கட்டாயப் பிரதிச் சட்டத்தை இணையத்துக்கும் நீட்டின. இந்தியாவில் 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டம் இருக்கிறது. பதிப்பாளர் ஒவ்வொரு புத்தகத்தின் பிரதியையும் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்கு அனுப்ப வேண்டும். எத்தனையோ பதிப்பகங்கள் மறைந்தபின்னும் அவற்றின் நூல்கள் கன்னிமாராவில் கிடைப்பது இந்தச் சட்டத்தால். இணையப் பக்கம் அதன் வரம்புக்குள் இல்லை.

அந்தச் சட்டத்தை இணையத்துக்கு விரிப்பது முதல் தேவை. தமிழ்நாட்டு அரசு அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. தமிழில் இயங்கும் செய்தி, இலக்கிய, ஆய்வுத் தளங்களை ஆண்டுக்கு இருமுறை பிரதி எடுத்து வைக்கும் பணியைக் கன்னிமாராவிடமோ தமிழ் இணையக் கல்விக்கழகத்திடமோ ஒப்படைக்கலாம். அதற்கான கோப்பு வடிவம் 2009 முதல் சர்வதேசத் தரமாக இருக்கிறது. சேகரிக்கும் மென்பொருளும் இலவசம். அரசுத் துறைகள் தளத்தைப் புதுப்பிக்கும்போது பழைய முகவரிகளைப் புதியவற்றுக்குத் திருப்பிவிடும் சில வரிகளை எழுதச் சொல்லி ஒரு சுற்றறிக்கை போதும்.

எழுதுபவர்கள் செய்ய வேண்டியவை இன்னும் எளிது. முகநூலும் பிளாக்கரும் உங்கள் பதிவுகள் முழுவதையும் ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ளும் வசதியைத் தருகின்றன, அதைப் பயன்படுத்துங்கள். கட்டுரையில் ஓர் இணைப்பைக் கொடுக்கும் முன் வேபேக் மெஷினில் அந்த முகவரியை இட்டுச் சேமித்து, அந்தப் பிரதியின் முகவரியையும் குறிப்பிடுங்கள். திஸ்கியிலும் பாமினியிலும் எழுதிய பழைய கோப்புகள் வீட்டுக் கணினியிலோ குறுந்தகட்டிலோ கிடந்தால், மாற்றிக் கருவிகள் வேலை செய்யும் இப்போதே அவற்றை யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

மடற்குழு மடல்களை எடுத்துவைத்திருப்பவர்கள் எழுதியவர்களிடம் கேட்டுப் பொதுவெளிக்குக் கொண்டுவர வேண்டும். அந்தத் தலைமுறையின் இணைய எழுத்தில் பெரும்பகுதிக்கு வேறு பிரதி கிடையாது.